ஆர்சி (ரிமோட்) காரில் ஒரு சக்கரம் பிடிக்கிறதா? பேரிங்கைக் குறை சொல்லும் முன்

ஒரு சக்கரம் மட்டும் கையால் தட்டிவிட்டால் உடனே நின்றுவிடுகிறது, நேரே விட்டாலும் கார் ஒரு பக்கமாக இழுக்கிறது, மோட்டார் சீக்கிரமே சுடுகிறது என்றால் பெரும்பாலும் அந்த வீல் ஹப் (சக்கரத்தின் ஆக்சிலும் பேரிங்கும் உட்காருகிற பகுதி) எங்கோ பிடிக்கிறது. யாரிடம் கேட்டாலும் 'பேரிங் போச்சு' என்றுதான் சொல்வார்கள். போயிருக்கலாம். ஆனால் திசையன்விளைப் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேட்டிலும் தாமிரபரணி மணலிலும் ஓட்டுகிற நம்ம ஊர்க் கார்களில் கோளாறு வேறு இடத்திலும் இருக்கும், அதனால் பேரிங்கைக் கடைசியில் பாருங்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். மோட்டார் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பினியன் (மோட்டார் தண்டில் இருக்கிற சின்னப் பல்சக்கரம்) ஸ்பர் கியரை (அது சுற்றிவிடுகிற பெரிய பல்சக்கரம்) தொடாத மாதிரி தள்ளி வையுங்கள், இல்லையென்றால் மோட்டாருக்குள் இருக்கிற காந்தம் இழுப்பதைக் கையில் உணர்ந்து ஹப் பிடிக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃப் (டிஃபரன்ஷியல்) வேறு ஒரு குழப்பம்: இடது சக்கரத்தைச் சுற்றினால் வலது எதிர்ப்பக்கம் சுற்றும், வலதில் இருக்கிற பிடிப்பு இடதில் தெரியும். டாக்போனை (டிஃப்பிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டு) கழற்றிவிட்டு அந்த ஹப்பை மட்டும் தனியே சுற்றிப் பார்த்தால் சந்தேகமே இல்லை. ஹப் தனியே லேசாகச் சுற்றினால் அதில் குற்றமில்லை, டிஃப் பக்கம் போங்கள்.

ஹப்தான் என்று உறுதியானதும் சக்கர நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். 1/10 அளவுக் கார் என்றால் பெரும்பாலும் எம்4 லாக் நட், 7 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் போதும். தளர்த்தியதும் சக்கரம் விடுதலையானால் விஷயம் பாதி முடிந்தது, ஏனென்றால் நட்டின் இறுக்கம் போகக்கூடாத இடத்துக்குப் போகிறது. ஆக்சிலில் குறுக்கே ஒரு சின்னப் பின் இருக்கும், 12 மி.மீ. ஹெக்ஸ் (சக்கரம் மாட்டுகிற அறுகோணத் துண்டு) அதில் உட்கார்ந்து அங்கேயே நிற்க வேண்டும். ஹெக்ஸின் பின்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். அந்தக் குறுக்குப் பின் உட்காருகிற பள்ளம் தேய்ந்து அகலமாகியிருக்கும், பிளாஸ்டிக் ஹெக்ஸ் என்றால் பள்ளத்தின் மூலையில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடும். நட்டை இறுக்க இறுக்க அந்த ஹெக்ஸ் உள்ளே நகர்ந்து பேரிங்கின் உள்வளையத்தைப் பக்கவாட்டில் அமுக்கும். ஹெக்ஸை மாற்றினால் சரி. ஆட்டம் குறையட்டும் என்று யாராவது ஷிம்மை (மெல்லிய வாஷர்) அள்ளிப் போட்டிருந்தாலும் இதே கதைதான், ஒன்றை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஆக்சிலை உள்ளும் வெளியும் அசைத்தால் மிகச் சின்ன ஆட்டம் இருக்கத்தான் வேண்டும்.

நட்டைத் தளர்த்தியும் பிடிக்கிறதா? ஆக்சிலை உருவுங்கள். பனங்காட்டில் ஓட்டுகிறவர்கள் ஹெக்ஸுக்குப் பின்னால் கண்டிப்பாகப் பாருங்கள், பனை நாரும் சாக்கு நூலும் அங்கே சுற்றி இறுகிக் கிடக்கும், பிளேடால் அறுத்து இடுக்கியால் உருவினால் வந்துவிடும். பேரிங்கை வெளியே எடுத்ததும் அது உட்கார்ந்திருந்த குழியை விரலால் தடவிப் பாருங்கள், செக்கச்செவேலென்று மாவு மாதிரி தேரி மண் ஒரு மூலையில் ஒட்டியிருந்தாலே போதும், பேரிங் கோணலாக உட்காரும். பெயிண்ட் பிரஷால் துடைத்துவிடுங்கள்.

இப்போது பேரிங். ஒரு பென்சில் முனையில் மாட்டிச் சுற்றுங்கள். நறநறவென்றால் ரப்பர் மூடியை ஊசி முனையால் நெம்பி எடுத்து, அடுப்பு விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் கொஞ்சம் பெட்ரோலில் அலசி, காய்ந்ததும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்கு பிடிக்கும். ஹப்பைக் கழற்றாமல் துருநீக்கி ஸ்ப்ரேயை அடிப்பதும் எனக்குச் சம்மதமில்லை, உள்ளே இருக்கிற கிரீஸை அது கரைத்துவிடும், மண் அப்படியே இருக்கும். அலசியும் நறநறத்தால் மாற்றுங்கள். பல கார்களில் 5×11×4 மி.மீ. அளவுதான், பேரிங் கடையில் எம்ஆர்115 என்று கேட்கலாம். ஆனால் உங்களுடையதை அளந்துவிட்டுப் போங்கள். புதியதை உள்ளே தள்ளும்போது வெளிவளையத்தை மட்டும் அமுக்க வேண்டும். சுத்தியல் எடுக்காதீர்கள்.

முன்சக்கரத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, சஸ்பென்ஷனை மேலும் கீழும் அமுக்கிக்கொண்டே சுற்றுங்கள். நேராக இருக்கும்போது லேசாக ஓடி, ஒடித்தால் மட்டும் பிடித்தால், டாக்போன் நீளம் அதிகம் அல்லது அதன் முனை உட்காருகிற கப்பின் அடியில் முட்டுகிறது, அல்லது ரிம் உள்பக்கம் ஏதோ ஸ்க்ரூத் தலையில் உரசுகிறது. உரசிய இடத்தில் ரிம்மில் பளபளவென்று ஒரு வளையம் தெரியும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் பினியன் இடைவெளியைப் பழையபடி சரிபார்த்து வையுங்கள். லாக் நட்டை விரலாலேயே கடைசி வரை திருக முடிந்தால் அதிலிருக்கிற நைலான் தேய்ந்துவிட்டது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டுங்கள், அது கழன்று ஆடினால் புது ஹெக்ஸும் தேய்ந்துவிடும்.