சுவரோரம் காத்திருக்கும் நண்பர்: மூர்நில ஓட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட இங்கிலாந்தின் பென்னைன் மலைத்தொடரில் கிண்டர் ஸ்கவுட் (636 மீ), பிளீக்லோ (633 மீ) போன்ற மூர்நில மேடுகள் தூரத்திலிருந்து பார்த்தால் தட்டையாகத் தெரியும். மேலே போனால் பீட் எனப்படும் கரிய சதுப்பு மண், முழங்கால் வரை சேறு, மரமே இல்லாத வெளியில் காற்று. இங்கே நண்பரோடு ஜோடியாக நெடுந்தூரம் ஓட வருபவர்கள் வருடா வருடம் அதே குழிகளில்தான் விழுகிறார்கள். புது ஷூவோடு வருவது, தண்ணீர் குடிக்க மறப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் தானே திருந்திவிடும். அவற்றை விடுவோம்.

நீர் புகாத ஷூ

கணுக்காலுக்கு மேல் சேறு வந்ததும் நீர் உள்ளே போய்விடும். பிறகு வெளியே வராது. வலைத்துணி ஷூ, அடியில் 6 முதல் 8 மி.மீ. லக் (சேற்றில் பிடிக்கும் முனைகள்), இரட்டை முடிச்சு. போதும்.

பச்சையை நம்பிக் கால் வைப்பது

புல்வெளி போலப் பளிச்சென்ற பச்சை தெரிந்தால் அது பெரும்பாலும் ஸ்பேக்னம் பாசி, அடியில் தண்ணீர்தான். பழுப்பு நிற ஹெதர் புதர் இருக்கும் இடம் ஓரளவு உறுதியானது. கோரைக் கொத்து ஈரமாக இருந்தாலும் அதன் வேர் காலைத் தாங்கும். இடுப்பு வரை இறங்கிவிட்டால் காலை நேராக வெடுக்கென்று இழுக்காதீர்கள். அடியில் வெற்றிடம் உண்டாகி சேறு உறிஞ்சிப் பிடிக்கும். கால் வரும், ஷூ வராது. பின்னால் சாய்ந்து எடையைப் பரப்பி, பாதத்தை இடமும் வலமும் ஆட்டி, பக்கவாட்டில் காற்றும் நீரும் இறங்க வழிவிட்டு, மெல்ல உருவுங்கள்.

முன்னால் ஓடிப்போய்க் காத்திருப்பது

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டும் தவறு இதுதான். செய்பவர் தன்னை நல்ல நண்பர் என்று நினைத்துக்கொண்டே செய்கிறார்.

25ஆவது கிலோமீட்டர் என்று வையுங்கள். வேகமானவர் ஏற்றத்தைக் கடந்து கல்சுவரின் கதவருகே நிற்கிறார். நான்கு நிமிடம் கழித்து மற்றவர் மூச்சிரைக்க வந்து சேர்கிறார். "வந்துட்டியா? சரி, போலாம்!" ஓய்வு தேவைப்படாதவருக்கு நான்கு நிமிட ஓய்வு, தேவைப்பட்டவருக்கு ஒரு நொடிகூட இல்லை. எட்டுச் சுவர்களில் இப்படி நின்றால் அரை மணி நேரத்துக்கு மேல் வெறும் நிற்பு. அதில் ஜோடிக்கு ஒரு நொடி லாபமும் கிடையாது, இரண்டாமவர் முடிவுக் கோட்டைத் தொடும்போதுதான் கடிகாரம் நிற்கும். 1968இல் தொடங்கிய ஓஎம்எம் (ஒரிஜினல் மவுண்டன் மாரத்தான்) என்ற ஜோடிகளுக்கான மலை ஓட்டப் பந்தயத்தில் இரண்டு நாளும் இருவரும் சேர்ந்தே போக வேண்டும் என்று விதியே இருக்கிறது.

நேரம் போனால் போகட்டும், குளிர்தான் ஆபத்து. ஓடும் உடல் சும்மா நிற்கும் உடலைப்போல எட்டு, பத்து மடங்கு வெப்பம் உண்டாக்கும். நின்றதும் அது சரிந்துவிடும். நனைந்த சட்டையும் காற்றும் மிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஐந்தாவது சுவரில் வேகமானவருக்குப் பல் கிட்டும். பின்னால் வருபவரோ, எட்டிப்பிடிக்கும் அவசரத்தில் சாப்பிடுவதையே நிறுத்தியிருப்பார். மூடுபனி இறங்கினால் 20 மீட்டரில் ஆள் தெரியாது. தலையை மூடும் ஆழமுள்ள பீட் ஓடைகளுக்குள் அதுவும் இல்லை. கத்தினால் காற்று கொண்டுபோய்விடும்.

மெதுவானவரை முன்னால் விடுங்கள், வேகம் அவருடையதாக இருக்கட்டும். வேகமானவர் பின்னாலிருந்து காம்பஸ் பார்த்தால் முன்னால் போகிறவர் கோட்டிலிருந்து விலகுவதும் சட்டென்று தெரியும். புறப்படும் முன் இரண்டு பைகளையும் தராசில் நிறுத்து, கூடாரம், அடுப்பு மாதிரி கனமானதை எல்லாம் வேகமானவருக்குத் தள்ளுங்கள். நடுவழியிலும் தள்ளலாம், இதில் கௌரவம் பார்க்கிறவர்கள்தான் அதிகம், அது வேறு கதை. விதி அனுமதித்தால் ஏற்றங்களில் இடுப்போடு இடுப்பாக இரண்டு மூன்று மீட்டர் எலாஸ்டிக் கயிறு கட்டி இழுக்கலாம். அரை மணிக்கொரு முறை அலாரம் வைத்து, நடந்துகொண்டே இருவரும் சாப்பிடுங்கள். நின்றே ஆக வேண்டுமானால், குளிரத் தொடங்கும் முன்பே ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள்.

"ஓகேவா?" என்று கேட்காதீர்கள், "ஓகே" என்றுதான் பதில் வரும். "அடுத்த செக்பாயிண்ட் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். பேச்சு குழறினால், ஜிப் போட விரல் தடுமாறினால், சூடேறாமலேயே நடுக்கம் நின்றுபோனால் பந்தயம் முடிந்தது. காற்று மறைவில் உட்கார வைத்து, உலர்ந்த உடை மாற்றி, உயிர்காப்புப் பைக்குள் நுழைத்து, விழுங்க முடிந்தால் இனிப்பு கொடுங்கள். விசிலை ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மீண்டும் ஊதுங்கள். பதிலாக மூன்று முறை கேட்கும்.

ஜெல் பாக்கெட்

ஓடும்போது சக்திக்காக உறிஞ்சும் இனிப்பு ஜெல்லின் பாக்கெட்டை விறைத்த விரலால் கிழிக்க முடியாது. வீட்டிலேயே ஓரத்தில் சிறு வெட்டு போட்டு வையுங்கள்.

காம்பஸும் போனும் ஒரே பையில்

போனில் உள்ள காந்தம் முள்ளைத் தலைகீழாக்கிவிடக்கூடும், வடக்கு தெற்காகும். காம்பஸ் ஒரு தோளில், போன் மறுபக்கம். கொட்டும் மழையில் தொடுதிரை விரலுக்குக் கட்டுப்படாது என்பதால் 1:25,000 காகித வரைபடமும் வேண்டும். கிண்டர் ஸ்கவுட்டும் பிளீக்லோவும் இருக்கும் டார்க் பீக் பகுதிக்கு, பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஓஎல்1 வரைபடம்.

சொல்லாமல் விலகுவது

முடியவில்லையென்றால் இருவருமாகச் சேர்ந்து அருகிலுள்ள செக்பாயிண்டில் சொல்லிவிட்டு இறங்குங்கள். நேரே காரில் ஏறி வீட்டுக்குப் போனால், வெந்நீரில் நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது மலை மீட்புக் குழுவின் தன்னார்வலர்கள் டார்ச்சோடு அதே சேற்றில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.