‘கேஷ்’ நம் காசிலிருந்து வந்ததா? சொல்லின் வேரைத் தேடும் முறை

“கேஷா, கார்டா?” என்று கடையில் கேட்கிறார்களே, அந்தக் ‘கேஷ்’ நம் காசுதான் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் காசிலிருந்து போன ‘கேஷ்’ ஒன்று இருப்பது உண்மை. கடையில் கேட்பது அதுவல்ல.

படி 1: பொருளைப் படிக்கும் முன், அகராதியில் எத்தனை பதிவுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஆக்ஸ்போர்டு போன்ற பெரிய ஆங்கில அகராதியில் பெயர்ச்சொல்லான ‘கேஷ்’ இரண்டு தனிப் பதிவுகளாக, 1, 2 என்ற சிறு எண்களோடு நிற்கும். எண் வேறானால் வேரும் வேறு. முதலாவது ரொக்கம். இரண்டாவது தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சில்லறை நாணயம். குழப்பத்தில் முக்கால்வாசி இந்த எண்ணைப் பார்க்காமல் விடுவதால்தான் வருகிறது.

படி 2: ஒவ்வொரு பதிவிலும் ஆகப் பழைய பொருளைப் பிடியுங்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்த முதல் ‘கேஷ்’ பணப்பெட்டியையும் குறித்தது. பிரெஞ்சு ‘கெஸ்’, இத்தாலிய ‘காஸ்ஸா’ இரண்டுக்கும் பெட்டி என்றே பொருள். மூலம் லத்தீன் ‘கப்ஸா’. பெட்டியின் பெயர் உள்ளிருந்த பணத்துக்கு ஏறி, 18ஆம் நூற்றாண்டில் பணம் மட்டும் மிஞ்சியது. நம் கல்லாவும் அப்படித்தானே? பெட்டியும் கல்லா, அன்றைய வசூலும் கல்லா. காசிலிருந்து வந்த சொல்லாக இருந்தால் நடுவில் பெட்டி ஏன் வருகிறது? இந்த ஒரு கேள்வியே தீர்ப்புச் சொல்லிவிடும்.

படி 3: சொல்லைச் சுமந்து போனவர் யார் என்று பாருங்கள். இரண்டாவது ‘கேஷ்’ஷைக் கொண்டுபோனவர்கள் போர்ச்சுகீசியர். காசு அவர்கள் வாயில் ‘கைஷா’ ஆனது. அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர், அதே எழுத்து. அந்தப் பெட்டிச் சொல்லும் ‘கப்ஸா’வின் வாரிசு! இரண்டு வேர்களும் ஒன்றுபோல் தெரிவது இந்த இடத்தில்தான், நிதானமாகப் படியுங்கள். காசு என்ற சொல் ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. அதை ‘கர்ஷ’ என்ற வடமொழி எடைப் பெயரோடு இணைப்பவர்களும் உண்டு.

பிற்காலச் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு ‘பணம்’ (அதுவும் அன்று ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம்; அதாவது வராகனுக்கு 3,360 காசு. கிழக்கிந்தியக் கம்பெனி 1808இல் அடித்த செப்புக்காசில் ‘20 கேஷ்’ என்று ரோமன் எண்ணில் பொறித்திருக்கும். அது நம் காசு.

படி 4: ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பி வந்து ஒட்டிக்கொள்பவற்றைக் கழியுங்கள். ‘கேஷியர்’ பெட்டிக் குடும்பம். ஆனால் ராணுவ அதிகாரியை அவமானப்படுத்திப் பதவிநீக்குவதைச் சொல்லும் ‘கேஷியர்’ என்ற வினைச்சொல், ‘ரத்து செய்’ என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து டச்சு வழியாக வந்தது. முந்திரியாகிய ‘கேஷ்யூ’ பிரேசிலின் துப்பி மொழிச் சொல். மூக்குக்கண்ணாடி வைக்கும் ‘கேஸ்’ கப்ஸாவிலிருந்து வந்தது. வக்கீல் நடத்தும் ‘கேஸ்’ஸுக்கு வேர், நேர்ந்தது என்ற பொருளுள்ள லத்தீன் ‘காசுஸ்’. ஒலி மட்டும் போதுமென்றால் அதையும் காசோடு சேர்த்துவிடலாம். வக்கீலுக்குப் பீஸ் கட்டியவர்கள் மறுக்க மாட்டார்கள்.