சூட்டில் ஸ்டார்ட் ஆகாத இன்ஜின்: என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நானும் தம்பியும் ஒரு கார் கட்டினோம். இரும்புக் குழாய் சேசிஸ், பழைய புரோட்டோன் சாகாவின் 1.3 லிட்டர் இன்ஜின். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரு சுற்று ஓட்டி நிறுத்தினால் போதும், ஸ்டார்ட்டர் முனகும், பிளக்கில் தீப்பொறி மங்கும். பேட்டரி, ஸ்டார்ட்டர் இரண்டையும் மாற்றியும் பலனில்லை.

அப்புறம்தான் தம்பி, "அண்ணே, சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்க" என்றான். குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் சோக்கை இழுக்கும் மெல்லிய உலோகக் கம்பி அது. கொதித்தது. பிளாஸ்டிக் உறை இளகி மினுமினுத்தது. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் மின்சாரம் பாயாது. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வேண்டிய எர்த் வயரோ சேசிஸில் பெயின்ட்டின் மேலேயே முறுக்கப்பட்டிருந்தது. சூடானால் அந்த இணைப்பின் தடை இன்னும் கூடும். ஸ்டார்ட்டரின் மின்சாரம் வேறு வழியின்றி மெல்லிய சோக் கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது.

வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துச் சாவியைத் திருப்பினோம். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாது. உப்புத்தாளால் பெயின்ட்டைச் சுரண்டி, பிளாக்கிலிருந்து நேராக பேட்டரி நெகட்டிவுக்குத் தடித்த கேபிள் போட்டோம். இப்போது 0.2.

சொந்தமாகக் கார் கட்டுபவர்கள் பாகங்களுக்குச் செலவழிக்கும் முன் இதைச் சோதித்துவிடுங்கள், ஒரு மீட்டர் போதும். எங்கள் இன்ஜின் இப்போது சூட்டிலும் முதல் திருப்பிலேயே பிடிக்கிறது. சோக் கேபிளை மட்டும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.