தனியார் மருத்துவமனையிலிருந்து அரசுப் பணிக்கு மாறும் செவிலியர் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைச் செவிலியர் பலருக்கும் அரசுப் பணிக்கான வாசல், 2012இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். அந்த வாசலை நோக்கிப் புறப்படுவோர் ராஜினாமாக் கடிதத்தைத்தான் முதலில் எழுதுகிறார்கள். உண்மையில் அது கடைசி வேலை.

முதலில் ஊதியத்தை ஒப்பிடுங்கள். அறிவிப்பில் 'தொகுப்பூதியம்' என்று இருந்தால் அது மாதந்தோறும் தரும் ஒரு நிலையான தொகை மட்டுமே; படிகளும் ஆண்டு உயர்வும் கொண்ட காலமுறை ஊதியம் அன்று. 2015ஆம் ஆண்டுத் தேர்வில் வென்றவர்கள் மாதம் 7,700 ரூபாயில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு, காலியிடம் எழும்வரை காத்திருப்பதாகப் பலருக்கு நீண்டது. ஆகவே வாடகையையும் கடன் தவணையையும் ஐந்து ஆண்டுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். இருக்கும் இடத்திலேயே ஊதிய உயர்வு கேட்பதற்கும் ஆதாரம் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவையடுத்து மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்றும், 50 படுக்கைகளுக்குக் குறைந்தவையும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சட்டம் அன்று. ஆயினும் நிர்வாகத்திடம் எடுத்துக்காட்டத் தக்கது.

அடுத்து, சேரும்போது கையெழுத்திட்ட பாண்டை, அதாவது குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவதாக எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தை, எடுத்துப் படியுங்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கோர முடியாது. அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்திருந்தால், அவற்றை எழுத்து மூலம் கேட்டுப் பெற்ற பிறகே விலகல் பேச்சை எடுங்கள். நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், தோழி ஒருவர் வாய்மொழியாகவே கேட்டுக்கொண்டிருந்து இரண்டு மாதங்களை இழந்தார்.

அனுபவச் சான்றிதழில்தான் கூடுதல் கவனம் தேவை. "இவர் எங்களிடம் நல்ல முறையில் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரியால் பயன் இல்லை. சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவு, பிரசவ வார்டு என எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதங்கள் என்ற விவரம், செவிலியர் மன்றப் பதிவு எண் ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். நாளை வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தாலும் இதே விவரங்களைத்தான் கேட்பார்கள்.

வருங்கால வைப்பு நிதியை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். தொடர்ச்சியான ஐந்து ஆண்டுப் பணிக்கு முன் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. விலகிய நாளை நிர்வாகம் பதிவேற்றாவிட்டால், இரண்டு மாதங்கள் கழித்து உறுப்பினர் இணையதளத்தில் நீங்களே பதியலாம். நிரந்தரப் பணியாளராக ஐந்து ஆண்டு நிறையச் சில வாரங்களே இருந்தால், பணிக்காலத்துக்காக நிர்வாகம் மொத்தமாகத் தரும் பணிக்கொடைக்காகப் (கிராஜுவிட்டி) பொறுத்திருப்பது நல்லது.

நியமன ஆணை கைக்கு வந்ததும், அதில் குறித்துள்ள சேரும் நாளையும் உங்கள் நோட்டீஸ் காலத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் முட்டினால் புதிய இடத்தில் அவகாசமும் பழைய இடத்தில் முன்கூட்டிய விடுவிப்பும் ஒரே நாளில் எழுத்து மூலம் கேளுங்கள். விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை டூட்டிக்குச் செல்வதை நிறுத்தாதீர்கள்.