ஆண்டவர் பேசுவதைக் கேட்கப் பழகுவது எப்படி

வாலிபர் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு தங்கச்சி பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணா, சாட்சி சொல்ற எல்லாரும் கர்த்தர் என்னோட பேசினார்னு சொல்றாங்க. நானும் தினமும் ஜெபம் பண்றேன். எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே கேக்கல?" கேட்கும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. நான் அவசரத்தில் ஏதோ ஒரு வசனத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அது அவளுக்குப் போதாது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன், இதே கேள்வி உள்ளே இருந்தும் வெளியே கேட்க வெட்கப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

சத்தம் என்றவுடன் காதில் விழுகிற குரலைத்தான் எதிர்பார்க்கிறோம். வேதத்தில் அப்படியும் நடந்திருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் சாமுவேலைப் பாருங்கள். ராத்திரியில் கூப்பிடுகிற சத்தம் கேட்டு, ஆசாரியரான ஏலிதான் கூப்பிடுகிறார் என்று நினைத்து மூன்று தடவை எழுந்து ஓடுகிறான். கூப்பிட்டவர் ஆண்டவர், பையனுக்குக் காதும் நன்றாகத்தான் கேட்டது, யாருடைய குரல் என்றுதான் தெரியவில்லை. "சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான்" என்று காரணத்தையும் வேதமே சொல்லிவிடுகிறது (1 சாமுவேல் 3:7). உடன்படிக்கைப் பெட்டி இருந்த ஆலயத்திலேயே படுத்துத் தூங்கிய பிள்ளைக்கே அப்படி என்றால், நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. ஒருவேளை உங்களோடும் அவர் பல தடவை பேசியிருப்பார், நீங்கள் அதை உங்கள் மனசாட்சி என்றோ, அம்மா சொன்ன புத்தி என்றோ, தற்செயலாக வந்த ஒரு ஞாபகம் என்றோ நினைத்துத் தாண்டிப் போயிருப்பீர்கள்.

ஞாபகம் என்று சொன்னேன் இல்லையா, அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். பரிசுத்த ஆவியானவர் என்ன செய்வார் என்று இயேசு சொல்லும்போது, "நான் உங்களுக்குச் சொன்ன எல்லாவற்றையும் உங்களுக்கு நினைப்பூட்டுவார்" என்கிறார் (யோவான் 14:26). இதை நான் எத்தனையோ வருஷம் வேகமாக வாசித்துப் போயிருக்கிறேன். நினைப்பூட்ட வேண்டுமானால் ஏற்கெனவே உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். தெரிந்த பாட்டுக்கு ஒரு வரியை எடுத்துக் கொடுத்தால் அடுத்த வரி தானாக வரும், தெரியாத பாட்டுக்கு எத்தனை வரி எடுத்துக் கொடுத்தாலும் வராது. நமக்குள் வசனமே இல்லாமல், "பேசும் ஆண்டவரே, பேசும்" என்று முழு இரவு ஜெபத்தில் உட்கார்ந்தால் அவர் எதை எடுத்து நினைப்பூட்டுவார்?

திருநெல்வேலிப் பக்கத்தில் டோனாவூரில் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மாவை நம் ஊரில் பலருக்குத் தெரியும். அவர் இளம்பெண்ணாக பெல்ஃபாஸ்ட் நகரத்தில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிற வழியில், கனமான மூட்டையைச் சுமந்து வந்த ஓர் ஏழைப் பாட்டிக்கு அவரும் தம்பிகளும் கைகொடுத்தார்கள். கௌரவமான ஆட்கள் பார்க்கிறார்களே என்று அவருக்கு ஒரே கூச்சம். தெருவில் இருந்த ஒரு நீரூற்றைக் கடக்கும்போது, "பொன், வெள்ளி, விலையேறப்பெற்ற கல், மரம், புல், வைக்கோல்" என்ற வார்த்தைகள் யாரோ பக்கத்தில் நின்று சொன்னதுபோலக் கேட்டன. திரும்பிப் பார்த்தார், பேசினவர் யாரும் இல்லை. அவருடைய வாழ்க்கையே அந்த இடத்தில் திசை திரும்பியது. அவருக்குக் கேட்டது புதிய செய்தி ஒன்றும் இல்லை, 1 கொரிந்தியர் 3-ஆம் அதிகாரம். சின்ன வயதிலிருந்து வீட்டிலும் சபையிலும் கேட்டு வளர்ந்த வேதம்தான், அந்தத் தெருவில், அந்தக் கூச்சத்தின் நடுவில், அவருக்கென்று உயிரோடு வந்தது.

அதனால் முதல் வேலை, வசனத்தை உள்ளே சேர்ப்பது. எப்படி? வாக்குத்தத்த அட்டையும் காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற வசனப் படமும் இதற்குப் போதாது, ஏனென்றால் அவற்றில் வருவது பெரும்பாலும் ஆசீர்வாத வசனங்கள்தான், கண்டிப்பும் எச்சரிப்பும் அங்கே வருவதில்லை. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் விழுகிற இடத்தை வாசிக்கிற பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு சுவிசேஷத்தை எடுத்து முதலிலிருந்து வரிசையாக வாசியுங்கள். மாற்கு பதினாறே அதிகாரம், அதில் ஆரம்பிக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும். உதடு அசைய, உங்கள் காதுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக வாசியுங்கள். இயேசு யாரிடம் கோபப்படுகிறார், யாரைப் பார்த்து மனதுருகுகிறார், எந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாமல் விடுகிறார் என்று பார்த்துக்கொண்டே போனால், சில மாதங்களில் அவர் பேசுகிற தோரணை பிடிபட்டுவிடும். பிறகு மனதில் ஒரு எண்ணம் வரும்போது, இவர் இப்படிப் பேசமாட்டாரே என்று உங்களுக்கே தெரியும்.

நேரமும் இடமும் அவரவர் வீட்டைப் பொறுத்தது. அதிகாலை நாலு மணிக்கு எழுந்தால்தான் பரிசுத்தம் என்று யாராவது சொன்னால் மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம், கைக்குழந்தை வைத்திருக்கிற அம்மாவுக்கு மத்தியானம் பிள்ளை தூங்குகிற இருபது நிமிஷம்தான் கிடைக்கும், அதுவும் ஆண்டவருக்குத் தெரியும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். வேதத்தையே போனில்தான் வாசிக்கிறேன் என்பவர்கள் ஒரு அச்சடித்த வேதாகமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நோட்டு வேண்டும், சாதாரணக் கோடு போட்ட நோட்டு. தேதி, வாசித்த பகுதி, மனதில் நின்ற ஒரு வரி, அது ஏன் நின்றது என்று இரண்டு வாக்கியம். ஒன்றும் நிற்கவில்லையா, "இன்றைக்கு ஒன்றும் இல்லை" என்று உண்மையை எழுதுங்கள். என் நோட்டில் அப்படிப்பட்ட நாட்கள்தான் அதிகம்.

அந்த நோட்டிலிருந்தே ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். ஊரில் இருக்கிற வீட்டு மனை பங்கு விஷயத்தில் என் அண்ணனும் நானும் இரண்டு வருஷத்துக்கு மேல் பேசவில்லை. மத்தேயுவை வரிசையாக வாசித்து வந்ததில் ஐந்தாம் அதிகாரம் வந்தது, காணிக்கை செலுத்த வரும்போது "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்" என்ற இடம். அடுத்த நாளுக்கான பகுதிக்குப் போனேன், கண் வரியில் ஓடியதே தவிர மனம் பழைய இடத்திலேயே நின்றது. மூன்றாம் நாளும் அப்படியே. நோட்டில் மூன்று தேதிக்கும் நேராக "அண்ணன்" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. நியாயம் என் பக்கம்தானே என்று ஆண்டவரிடம் வாதாடினேன், ஆனால் அந்த வசனம் நியாயம் யார் பக்கம் என்று கேட்கவே இல்லை. நாலாம் நாள் மொட்டை மாடிக்குப் போய் போன் போட்டேன். என்ன பேசுவது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்றுதான் வாயில் வந்தது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சாப்பிட்டேன். நீ?" என்றார். மனை விவகாரம் தீர இன்னும் எட்டு மாதம் ஆனது, ஆனால் ஆண்டவர் என்னோடு பேசினார் என்று தைரியமாகச் சொல்லக்கூடிய நாட்களில் அது ஒன்று.

அவர் உணர்த்துவதற்கும் சாத்தான் குற்றஞ்சாட்டுவதற்கும் உள்ள வித்தியாசமும் எனக்கு அங்கேதான் புரிந்தது. ஆவியானவர் உணர்த்தும்போது ஒரு ஆள், ஒரு காரியம், செய்யக்கூடிய ஒரு அடி தெளிவாகத் தெரியும்: நேற்று அம்மாவிடம் கத்தினாயே, போய் மன்னிப்புக் கேள். குற்றஞ்சாட்டுகிற குரல் புகைமாதிரி எங்கும் பரவும்: நீ எதற்கும் லாயக்கில்லை, உன்னை ஆண்டவர் தள்ளிவிட்டார். அதற்குக் காது கொடுக்க வேண்டாம். உன்னையே காயப்படுத்து, மற்றவர்களைக் காயப்படுத்து என்று உள்ளே ஒரு குரல் சொன்னால், அது ஆண்டவருடையது இல்லவே இல்லை. அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் போங்கள். ஜெபமும் செய்யலாம், மருத்துவரிடமும் போகலாம், இதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

சரி, இனி பெரிய முடிவுகள். வேலை, வரன், வெளிநாடு, வீடு. நம்மில் முக்கால்வாசிப் பேர் ஆண்டவருடைய சத்தத்தைத் தேடுவதே இதற்காகத்தான். இங்கேதான் நானும் பெரிதாகத் தவறினேன்.

பல வருஷத்துக்கு முன்னால் வளைகுடாவில் ஒரு வேலை வந்தது. மூன்று நாள் உபவாசம் இருந்தேன். மூன்றாம் நாள் வேதத்தைத் திறந்தால், உன் தேசத்தையும் உன் இனத்தையும் உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டுப் புறப்படு என்று ஆபிரகாமுக்குச் சொன்ன ஆதியாகமம் 12! அழுதுகொண்டே தோத்திரம் சொன்னேன். போன இடத்தில் சொன்ன வேலை வேறு, கொடுத்த வேலை வேறு, ஏஜென்ட்டுக்குக் கட்டின பணம் போனது, பதினொரு மாதத்தில் கடனோடு திரும்பினேன். ஆண்டவர் ஏமாற்றிவிட்டார் என்று கசப்போடு இருந்த ஒரு நாள் பழைய நோட்டைப் புரட்டினால், உபவாசம் ஆரம்பித்த தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே "பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, சூட்கேஸ்" என்று வாங்க வேண்டியவற்றின் பட்டியல் என் கையெழுத்தில் இருந்தது. ஜெபிக்கும் முன்பே நான் கிளம்பிவிட்டேன், ஆண்டவரிடம் கேட்டதெல்லாம் ஒரு முத்திரைதான்.

எரேமியா 42-ஐ அதற்குப் பிறகு வாசித்தபோது உடம்பு நடுங்கியது. எருசலேம் அழிந்து, பாபிலோன் ராஜா வைத்த அதிகாரி கெதலியா கொலையான பிறகு மிச்சமிருந்த ஜனங்கள் எகிப்துக்குப் போகிற எண்ணத்தோடு பெத்லெகேமுக்குப் பக்கத்தில் வந்து தங்குகிறார்கள். அங்கிருந்துதான் எரேமியாவிடம் வந்து, எங்களுக்காக ஜெபம் பண்ணும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்கிறார்கள். பதில் வர பத்து நாள் ஆகிறது, தீர்க்கதரிசிக்கே பத்து நாள்! தேசத்திலேயே இருங்கள் என்று பதில் வந்ததும், "நீ பொய் சொல்லுகிறாய்" என்று சொல்லிவிட்டு, எரேமியாவையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கே போனார்கள்.

ஆகவே பெரிய முடிவுக்கு ஜெபிக்க உட்காரும்போது, முதலில் ஒரு தாளில், "எனக்கு எந்தப் பதில் வந்தால் சந்தோஷம்? எந்தப் பதில் வந்தால் அழுவேன்?" என்று இரண்டையும் எழுதி, ஆண்டவர் முன்னால் சத்தமாக வாசியுங்கள். ஆசை இருப்பது பாவமில்லை, மறைத்து வைப்பதுதான் காதை அடைக்கிறது. பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லரும் இதையே முதல் படியாக வைத்திருந்தார்: அந்தக் காரியத்தைக் குறித்து என் இருதயத்துக்குச் சொந்த விருப்பம் இல்லாத நிலைக்கு வருவேன், ஜனங்களுக்குள்ள சிக்கலில் பத்தில் ஒன்பது பங்கு இங்கேதான் என்பார். எனக்கு அந்த நிலை வர வாரக்கணக்கில் ஆகும். ஆகட்டும், அதுவும் ஜெபம்தான்.

கேட்டதாகத் தோன்றினால் சோதித்துப் பாருங்கள், "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றே பவுல் எழுதுகிறார். வேதத்துக்கு விரோதமானதா? அத்தோடு முடிந்தது. ஆனதோத் ஊரில் இருக்கும் நிலத்தை வாங்கச் சொல்லி உன் தகப்பனுடைய சகோதரன் மகன் வருவான் என்று எரேமியாவுக்கு வார்த்தை உண்டாகிறது, அவன் நிஜமாகவே வந்து நின்ற பிறகுதான் "அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன்" என்கிறார் (எரேமியா 32:8). அவரே காத்திருந்து பார்த்தார். மனதில் சமாதானம் இருக்கிறதே என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், ஆண்டவரைவிட்டு ஓடிய யோனா புயலிலும் கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கினான். உங்களை நன்றாகத் தெரிந்த, உங்களுக்கு "வேண்டாம்" என்று சொல்லத் தயங்காத இரண்டு பேரிடம் பேசுங்கள். துரோவா பட்டணத்தில், மக்கெதோனியாவுக்கு வரச் சொல்லும் தரிசனம் கண்டது பவுல் ஒருவர்தான், ஆனால் "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று பன்மையில் எழுதுகிறார் லூக்கா. அப்படி ஒன்றாக முடிவெடுத்துப் போன மக்கெதோனியாவின் பிலிப்பி பட்டணத்தில் அவர்களுக்கு அடியும் சிறையும் கிடைத்தது, அதனால் கஷ்டம் வந்ததை மட்டும் வைத்துத் தவறாகக் கேட்டுவிட்டோம் என்றும் சொல்லிவிட முடியாது.

உங்களைக் குறித்து இன்னொருவர் "கர்த்தர் சொன்னார்" என்று வந்தால், இன்னும் அதிகக் கவனம் வேண்டும். 1 இராஜாக்கள் 13-இல் யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனுக்கு, இங்கே அப்பம் சாப்பிடாதே, தண்ணீர் குடிக்காதே என்று நேரடியாகவே கட்டளை இருந்தது. கிழவனான ஒரு தீர்க்கதரிசி, தூதன் எனக்கு வேறுமாதிரி சொன்னான் என்று பொய் சொன்னதும் கூடப் போய்ச் சாப்பிட்டான், வழியில் சிங்கம் கொன்றுபோட்டது. இன்னாரைத்தான் கல்யாணம் பண்ண வேண்டும், இவ்வளவு காணிக்கை கொடுத்தால் இந்தக் கட்டு உடையும் என்று சொல்லப்படுகிற தீர்க்கதரிசனங்களால் உடைந்துபோன பெண்பிள்ளைகளையும் குடும்பங்களையும் நான் பார்த்திருக்கிறேன். மரியாதையோடு, "ஐயா, நானும் ஜெபித்துப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆண்டவர் உங்களுக்கும் தகப்பன், உங்களிடமும் சொல்வார்.

மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லையென்றால், நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி, கடைசியாகத் தெளிவாகப் புரிந்தது எது, அதைச் செய்தேனா என்று பாருங்கள். செய்யாமல் இருந்தால் அதைச் செய்யுங்கள். செய்தாயிற்று என்றால், அன்றன்றைய வேலையை உண்மையாகச் செய்துகொண்டு காத்திருங்கள்; மூன்றாம் தடவையும் ஏமாந்து திரும்பிய சாமுவேலுக்கு ஏலி சொன்னதும், போய்ப் படுத்துக்கொள், கூப்பிட்டால் "சொல்லும் கர்த்தாவே; அடியேன் கேட்கிறேன்" என்று சொல் என்பதுதான். அவனும் போய்த் தன் இடத்தில் படுத்துக்கொண்டான்.

அந்தத் தங்கச்சிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மாற்கு முதலாம் அதிகாரத்தில் இருக்கிறாள்.