பாஸ்பேட் மருந்தும் பச்சைத் தண்ணீரும்

டல்லாஸில் வாங்கிய வீட்டோடு நீச்சல் குளமும் வந்தது. ஜூலையில் ஒரு நாள் எழுந்து பார்த்தால் தண்ணீர் பாசிப்பச்சை. கடையில் சோதித்துவிட்டு, பாஸ்பேட் அதிகம் என்று ஒரு பாட்டிலை நீட்டினார்கள். உள்ளே இருப்பது லாந்தனம், பாஸ்பேட்டைப் பிடித்துப் படியவைக்கும் உலோகம். ஊற்றியதும் குளம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்தது. ஃபில்டர் அழுத்தம் எகிறியது. நாலே நாளில் பச்சை திரும்பிவிட்டது.

அப்புறம்தான் வெயிலில் குளோரின் வீணாகாமல் காக்கும் சயனூரிக் அமிலத்தை அளந்தேன்: 140 பிபிஎம் (பத்து லட்சத்தில் 140 பங்கு)! 30 முதல் 50 வரை போதும். எல்லாம் மிதவையில் போட்ட குளோரின் மாத்திரைகளின் வேலை; அவற்றில் இதுவும் கலந்திருக்கும். இந்த அமிலம் கூடினால் குளோரின் இருந்தும் மந்தமாகிவிடும். பாஸ்பேட் பாசிக்குத் தீனிதான். ஆனால் குளோரின் சரியாக இருந்தால் பாசி தலையெடுக்காது.

மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரை இறக்கிப் புதிதாக நிரப்பினேன். திரவக் குளோரின் ஊற்றி, சுவரைத் தேய்த்து, பம்பை இரவு பகலாக ஓடவிட்டேன். மூன்றாம் நாள், மகள் தொலைத்த கம்மல் அடியில் மின்னியது. பாஸ்பேட்டை அதற்குப் பிறகு அளக்கவேயில்லை.