மெண்டசினோ கடற்கரையில் நிலம் வாங்கப் போகிறீர்களா? முதலில் மண்ணைப் பாருங்கள்

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவின் வீட்டு விலையைப் பார்த்து வெறுத்துப்போய், வடக்கே கடலோரமாக ஐந்து ஏக்கர் வாங்கி ஆடு, கோழி, தோட்டம் என்று இருந்துவிடலாம் என நினைக்கும் நம்மவர்கள் இப்போது நிறைய. அந்த ஆசை நல்ல ஆசை. நானும் அந்த வடக்குக் கரையில் இருக்கும் மெண்டசினோ கவுண்டியை (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ரொம்பவே நேசிக்கிறவன். அதனால்தான் என் நண்பருக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக்கூடாது என்று எழுதுகிறேன்.

பத்திர விஷயத்தில் பெரிய கவலை வேண்டாம். தாய்ப்பத்திரம், வில்லங்கம் எல்லாவற்றையும் பத்திரம் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி பார்த்துவிடும், விற்பனை முடியும்வரை பணம் எஸ்க்ரோவில், அதாவது ஒரு நடுநிலையாளரிடம் இருக்கும். கடலோர மண்டலத்துக்குள் வரும் நிலம் என்றால், 1976-ஆம் ஆண்டுக் கடலோரச் சட்டப்படி வீடு கட்டத் தனி பெர்மிட் வேண்டும். கவுண்டியின் திட்ட அலுவலகம் கரையோர ஊரான ஃபோர்ட் பிராக்கிலும் இருக்கிறது, நேரில் போய்க் கேட்டால் சொல்வார்கள்.

சிக்கல் மண்ணில்தான்.

நண்பர் தஞ்சாவூர் விவசாயக் குடும்பம். பக்கத்து நிலங்களைவிடப் பாதி விலைக்கு ஓர் இடம் வந்தது. கடல் பத்து நிமிடம், கட்டத் தயார் என்றார் ஏஜென்ட். மரங்கள் எல்லாம் தோள் உயரம்தான். இளங்காடு போலிருக்கிறது, எரு அடித்தால் நிலம் தேறிவிடும் என்று நம் ஊர்க் கணக்கில் நினைத்தார். நம் ஊரில் அது சரியான கணக்கு. இங்கே அந்தக் குட்டை மரங்களுக்கு நூறு வயதுகூட இருக்கலாம்.

இதற்குப் பெயர் பிக்மி காடு, அதாவது குட்டைக் காடு. இந்தக் கரையில் கடல் அரித்து, நிலம் மேலெழும்பி, படிப்படியாகத் தட்டுகள் அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் அடுத்த கீழ்ப்படியைவிடச் சுமார் ஒரு லட்சம் வருடம் பழையது. மேல் தட்டுகளில் சமதளமான இடங்களில் மழை அத்தனை காலமும் சத்தைக் கழுவிக் கீழே இறக்கியிருக்கிறது. நண்பருடன் போய்க் கடப்பாறை போட்டோம். மேலே திருநீறு போல வெளுத்த மண். முழங்கால் ஆழம் போவதற்குள் ணங்கென்று நின்றுவிட்டது. இரும்புச்சத்து இறுகிப் பாறையாகிப்போன அடுக்கு அது. வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. மழைக்காலத்தில் மேலே குளம் போல நிற்கும், கோடையில் காய்ந்துவிடும். மண்ணில் புளிப்பு வேறு அதிகம்.

வீட்டுக் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்குவதுதான் செப்டிக். தண்ணீர் இறங்காத இடத்தில் அதற்கு அனுமதி கிடைப்பது மிகவும் கஷ்டம். ஊருக்கு வெளியே சாக்கடை இணைப்பும் கிடையாது. செப்டிக் இல்லையென்றால் வீடு இல்லை. சரி, மரத்தை வெட்டி அடுக்கை உடைக்கலாம் என்றால், கடலோர மண்டலத்தில் பிக்மி காடு பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. கை வைக்க முடியாது. இவ்வளவும் தெரிந்துகொண்டே "கட்டத் தயார்" என்று விற்றவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வாய்வார்த்தையில் சொன்னதை வைத்து அவர்களை ஒன்றும் செய்யவும் முடியவில்லை.

அதனால் நிலம் தேடும் முன் காஸ்பர் பக்கத்தில் இருக்கும் ஜக் ஹேண்டில் காட்டுக்குப் போங்கள். கடற்கரையில் ஆரம்பித்து ஒவ்வொரு தட்டாக ஏறி, கடைசியில் அந்தக் குட்டைக் காட்டைக் கண்ணால் பார்க்கலாம். ஒருமுறை பார்த்துவிட்டால் எந்த ஏஜென்ட்டும் உங்களை ஏமாற்ற முடியாது. விலை பேசும்போது, செப்டிக் சோதனை தேறினால்தான் வாங்குவேன் என்று எழுத்தில் போடுங்கள்.

கிணற்றுக்கும் அதே நிபந்தனை. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்து போர் போடும் பழக்கம் இங்கே உதவாது. மழை முக்கால்வாசி அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான், கோடை முழுக்க வறட்சி. பிப்ரவரியில் நிறைந்திருக்கும் கிணற்றைக் காட்டுவார்கள். செப்டம்பரில் எவ்வளவு ஊறுகிறது என்று கேளுங்கள். 2021 வறட்சியில் மெண்டசினோ ஊரில் கிணறுகள் வற்றி லாரித் தண்ணீரில் காலம் ஓட்டினார்கள். ஃபோர்ட் பிராக் நகராட்சியே வெளியில் தண்ணீர் விற்பதை நிறுத்திவிட்டது.

அப்புறம் தோட்டம். கோடையிலும் கடல்மூட்டம் மூடிக்கொள்வதால் கரையில் தக்காளி பழுக்கத் திணறும். முருங்கையை மறந்துவிடுங்கள். கறிவேப்பிலையைக் கண்ணாடிக் கூரைக்குள் தொட்டியில் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும், அந்த வாசனைக்காக அதைச் செய்யலாம், தப்பில்லை. முட்டைக்கோஸ், உருளை, பட்டாணி, பீட்ரூட் எல்லாம் அருமையாக வரும், மான் வராமல் உயரமாக வேலி போட்டால். பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் இன்னொன்றும் யோசியுங்கள்: ஃபோர்ட் பிராக் மருத்துவமனையில் பிரசவப் பிரிவை 2020-இல் மூடிவிட்டார்கள். மலைப்பாதையில் யுகையா வரை போக வேண்டும். பே ஏரியாவில் இருக்கும் கான்கார்ட் முருகன் கோயிலுக்குப் போய்வர ஒரு முழு நாள் ஆகும்.

நண்பர் நிலத்தை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு இப்போது அதே கவுண்டியில் உள்ளே தள்ளி, பூன்வில் பக்கம் ஆண்டர்சன் பள்ளத்தாக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோடையில் அங்கே நல்ல வெயில், தக்காளியும் மிளகாயும் பழுக்கும். காட்டுத்தீ பயத்தால் வீட்டுக் காப்பீடு கிடைப்பதுதான் அங்கே பாடு. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே காப்பீட்டுக்காரரிடம் முகவரியைக் கொடுத்து விலை கேட்டுவிடுங்கள்.